தொண்டும் சுற்றுலாவும்: பக்தாத் மிருகக்காட்சிச்சாலை சொல்லும் பாடம்

2018 ஆம் ஆண்டு கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்திருந்த எனது தங்கையின் மகள், தனது கைத்தொலைபேசியில் ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். அவள் தரையில் அமர்ந்திருக்கிறாள். மடியில் ஒரு சிங்கக்குட்டி. அவள் பிடித்திருக்கும் பால்புட்டியை அது முன்னங்கால்கள் இரண்டாலும் பற்றிக்கொண்டு குடிக்கிறது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு, ஆபிரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவள் தென்னாபிரிக்காவில் ஒரு விலங்குப் பண்ணையில் மூன்று வாரங்கள் தொண்டராகப் பணிபுரிந்திருந்தாள்.

"மாமா, தாய்ச் சிங்கம் இதைத் தள்ளிப்போட்டுது. நாங்கள் பால் குடுக்காட்டி இது செத்திருக்கும்" என்றாள். கண்களில் பெருமையும் கனிவும் தெரிந்தன. அந்தப் பணிக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது. மாறாக, தங்குமிடத்துக்கும் தொண்டு செய்யும் வாய்ப்புக்குமாக அவளே கட்டணம் செலுத்தியிருந்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது வேறொரு படம் என் நினைவுக்கு வந்தது. அது 2003 ஏப்பிரலில் செய்தி முகவரகம் ஒன்றின் வழியாக எங்கள் ஆசிரியபீடத்துக்கு வந்த படம். எலும்பும் தோலுமாய் ஒரு சிங்கம் சீமெந்துத் தரையில் கிடந்தது. கம்பிகளுக்கு அப்பால் ஒரு மனிதர் வாளியுடன் நின்றார். இடம் பக்தாத்.

அப்போது நான் இரவுப் பணியில் இருந்தேன். சமாதானப் பேச்சுவார்த்தையில் பங்கேற்பதை இடைநிறுத்துவதாக விடுதலைப் புலிகள் அறிவித்தது அந்த ஏப்பிரல் 21 ஆம் திகதிதான். முதற்பக்கத்தை அது முழுதாக விழுங்கிவிட்டது. அந்நாட்களில் பக்தாத் மிருகக்காட்சிச்சாலைச் செய்தியை இரண்டு பந்திகளாகச் சுருக்கி உட்பக்கமொன்றின் மூலையில் போட்டேன். 'மனிதர்கள் மடியும்போது மிருகங்களுக்கு எதற்கு இடம்?' என்று பக்கத்து மேசை நண்பர் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியையும் மருமகளின் புகைப்படத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதே இக்கட்டுரையை எழுதவேண்டும் என்று தோன்றியது.

எட்டு நாட்களில் நடந்தது

பக்தாத் நகரின் நடுவே அல்-சவ்ரா பூங்காவினுள் அமைந்திருக்கும் மிருகக்காட்சிச்சாலை 1971 இல் திறக்கப்பட்டது. 2003 மார்ச்சில் அமெரிக்கப் படையெடுப்புத் தொடங்கியபோது அங்கு ஏறத்தாழ 650 விலங்குகளும் பறவைகளும் இருந்தன. ஏப்பிரல் முற்பகுதியில் சதாம் ஹுசைனின் படையினர் பூங்காவினுள் நிலையெடுத்தனர். ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் அந்தப் பூங்காவே போர்க்களமானது. ஏப்பிரல் 9 ஆம் திகதி நகரம் வீழ்ந்தது.

குண்டுக்கு இரையான விலங்குகள் சில. சூறையாடலுக்கு இரையானவையே மிகப் பல. பறவைகளும் மான்களும் குரங்குகளும் உணவுக்காகவும் விற்பனைக்காகவும் அள்ளிச்செல்லப்பட்டன. கூட்டுக் கதவுகளையும் நீர் இறைக்கும் இயந்திரங்களையும் மின்கம்பிகளையும்கூடச் சூறையாடியோர் விட்டுவைக்கவில்லை. ஏறத்தாழ எட்டு நாட்களின் பின்னர் எஞ்சியவை முப்பத்தைந்து அளவில்தான். அவற்றுட் பெரும்பாலானவை, எவரும் கைவைக்க அஞ்சிய சிங்கங்கள், வரிப்புலிகள், கரடிகள் போன்றவை. அவற்றின் பல்லும் நகமுமே அவற்றைக் காப்பாற்றின. ஆனால் அவையும் பூட்டிய கூடுகளுக்குள், ஈராக்கின் வெயிலில், நீரின்றிக் கிடந்தன.

அதே நாட்களில்தான் ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. மெசப்பொத்தேமிய நாகரிகத்தின் ஏறத்தாழ 15,000 பொருட்கள் காணாமற்போயின. வைத்தியசாலைகளும் தப்பவில்லை. ஒரு நகரத்தின் நினைவும் மருந்தும் ஒருங்கே களவுபோன வேளையில், கூட்டுக்குள் கிடந்த கரடியைப் பற்றி யார் நினைப்பர்?

குவைத்திலிருந்து ஒரு வாடகைக் கார்

நினைத்தவர் ஒருவர் இருந்தார். தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் துலா துலா என்னும் வனவிலங்குக் காப்பகத்தை நடத்தி வந்த லோரன்ஸ் அன்ரனி. அவர் மிருகவைத்தியர் அல்லர். பெரிய அமைப்பொன்றின் பிரதிநிதியும் அல்லர். தொலைக்காட்சியில் பக்தாத் எரிவதைப் பார்த்தபோது அங்குள்ள விலங்குகளின் கதி என்னவாகும் என்று எண்ணினார். குவைத்துக்கு விமானமேறினார். அங்கு வாடகைக்கு எடுத்த கார் ஒன்றில் மருந்தும் பொருட்களும் நிரப்பிக்கொண்டு, குவைத் மிருகக்காட்சிச்சாலை ஊழியர்கள் இருவருடன் எல்லையைக் கடந்தார். படையினரும் பத்திரிகையாளருமே நடமாடிய அந்த நகரத்துக்குள் அவ்வாறு நுழைந்த முதல் வெளிநாட்டுப் பொதுமக்களுள் அவரும் ஒருவர்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மிருகக்காட்சிச்சாலையில் ஏற்கெனவே சிலர் இருந்தனர் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பிரதிப் பணிப்பாளரான மிருகவைத்தியர் ஹுஷாம் ஹசன், விரல்விட்டு எண்ணக்கூடிய சில உதவியாளர்களுடன் திரும்பி வந்து, பூங்காவின் வாய்க்காலிலிருந்து வாளியால் நீர் அள்ளி அள்ளிக் கூடுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். சம்பளம் கொடுப்பதற்கு அங்கு அரசே இருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் எந்தச் சந்தியில் எந்தத் துப்பாக்கி வெடிக்கும் என்பதும் தெரியாது. பணிப்பாளர் அடெல் சல்மான் மூசாவும் பின்னர் வந்து சேர்ந்தார். அன்ரனி செய்த முதல் வேலை, அவர்கள் கையிலிருந்த வாளியில் ஒன்றைத் தானும் வாங்கிக்கொண்டதுதான்.

அந்த நாட்களின் வேலை இன்னதென்று அறிந்தால், அதிற் கவர்ச்சி எதுவும் இல்லை என்பது விளங்கும். ஊனுண்ணிகளுக்கு இறைச்சி வேண்டும். நகரத்தில் இறைச்சிக்கடை கிடையாது. எனவே தெருவில் கழுதைகளை விலைகொடுத்து வாங்கி வெட்டிப் போட்டார்கள். ஒரு விலங்கைக் காப்பாற்ற இன்னொரு விலங்கைக் கொல்ல வேண்டியிருந்தது. நாட்கணக்கில் கழுவப்படாத கூடுகளில் ஈ மொய்த்தது. கழுவ நீர் இல்லை. இருக்கும் நீர் குடிக்கவே போதாது. இன்று கொண்டுவந்து வைத்த வாளியும் கயிறும் நாளை காலை இருப்பதில்லை. இரவில் சூறையாடுவோர் மீண்டும் வந்தனர்.

காப்பாற்றப்பட்டவற்றுள் பார்வையிழந்த முதிய கரடியொன்றும் இருந்தது. சதாமின் மகன் உதய் தனது மாளிகையில் வளர்த்த சிங்கங்களும் அங்கு கொண்டுவரப்பட்டன. லூனா பார்க் என்ற தனியார் காட்சிச்சாலையில் மிக மோசமான நிலையில் அடைபட்டிருந்த விலங்குகளும் மீட்கப்பட்டன. அமெரிக்க இராணுவக் கப்டன் வில்லியம் சம்னர் இந்தப் பணிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். சிப்பாய்கள் பலர் தமது ஓய்வு நேரத்தில் வந்து உதவினர். தமக்குத் தரப்பட்ட உணவுப் பொதிகளையும் பகிர்ந்தனர். 2003 யூலையில் மிருகக்காட்சிச்சாலை பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

இக்கதையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. உடைந்த சுவர்களினூடாக வெளியேறிய நான்கு சிங்கங்களை அதே ஏப்பிரலில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றனர். அந்த நான்கு சிங்கங்களைக் கருவாகக் கொண்டு 2006 இல் 'பிரைட் ஒஃப் பக்தாத்' என்ற சித்திரக்கதை நூல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 2003 செப்டெம்பரில் சிப்பாய்கள் சிலர் இரவு நேரத்தில் மிருகக்காட்சிச்சாலையில் விருந்து கொண்டாடினர். ஒருவர் வங்கப் புலியின் கூட்டுக்குள் கைநீட்டினார். புலி கடித்துக் குதறியது. உடனிருந்தவர் அதனைச் சுட்டார். போருக்குத் தப்பிய புலி விருந்துக்குப் பலியானது. 2008 இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து இரண்டு புலிக்குட்டிகள் பக்தாத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டன.

காப்பதற்கு நீளும் கையும் உண்டு. களிப்பதற்கு நீளும் கையும் உண்டு. இரண்டும் ஒரே கூட்டின் கம்பிகளுக்கிடையேதான் நுழைகின்றன. எனது மருமகளின் கை எந்த வகையைச் சேர்ந்தது என்ற ஐயமே என்னை உறுத்தியது.

மனிதரா, மிருகமா?

எனது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மனிதர் மடியும் இடத்தில் மிருகத்துக்கு நீர் ஊற்றுவது நியாயமா?

இந்தக் கேள்வியை எங்கள் மக்கள் கேட்பதற்கு முழு உரிமையும் உண்டு. தம்மைக் காப்பாற்ற எவரும் வராத நாட்களை அவர்கள் கண்டவர்கள். சிங்கத்துக்கு ஒரு தென்னாபிரிக்கர் வந்தார், எங்களுக்கு யார் வந்தார் என்று ஒருவர் கேட்டால் அதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் அந்த வெள்ளத்திற் கலந்தது. இருட்டு, மழை, பின்னாலே ஷெல் சத்தம். அந்த அவதியிலும் அம்மா கொட்டிலுக்குப் போய்ச் சிவலைப் பசுவின் கயிற்றை அறுத்துவிட்ட பின்னர்தான் படலையைச் சாத்தினார். அதனைக் கூட்டிச்செல்ல வழியில்லை. கட்டிவைத்துவிட்டுப் போகவும் மனமில்லை. 'எங்கேயாவது மேய்ந்து பிழைக்கட்டும்' என்றார். அது பிழைத்ததா என்பதை நாங்கள் ஒருபோதும் அறியவில்லை. மனிதர் மேலுள்ள அக்கறை அம்மாவிடம் அந்த ஒரு நிமிடத்தால் குறைந்துவிடவில்லை. அன்றிரவு முழுவதும் முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்து நடத்திவந்தவரும் அவரே.

பசுவின் கயிற்றை அறுத்துவிடலாம். சிங்கத்தின் கூட்டைத் திறந்துவிட முடியாது. காட்டில் பிறந்த விலங்கு தன் இரையைத் தானே தேடும். மனிதன் பூட்டி வைத்த விலங்கு மனிதனின் கையைத்தான் எதிர்பார்க்கும். பூட்டியவன் ஓடிவிட்டாலும் அந்தக் கடன் தீர்வதில்லை. ஹுஷாம் ஹசன் திரும்பி வந்தது அந்தக் கடனுக்காகத்தான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

அத்தகையோர் இல்லாத இடங்களின் வரலாறும் நம் முன்னே உள்ளது. 1943 இல் தோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிச்சாலையில், குண்டுவீச்சில் கூடுகள் உடைந்தால் ஆபத்து என்று கூறிப் பெரிய விலங்குகளைக் கொல்லுமாறு நகர நிர்வாகம் கட்டளையிட்டது. மூன்று யானைகள் பட்டினியால் சாகடிக்கப்பட்டன. 1992 இல் முற்றுகைக்குள்ளான சரயேவோவில், உணவு கொண்டுசெல்ல முயன்றோர் பதுங்கிச் சுடுவோரின் துப்பாக்கிக்கு அஞ்ச வேண்டியிருந்தது. விலங்குகள் ஒவ்வொன்றாக மடிந்தன. கடைசியாக எஞ்சிய கரடியும் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தது. காபூலின் மர்ஜான் என்ற சிங்கத்தின் கதை பலரும் அறிந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு போராளி வீரம் காட்டுவதற்காக அதன் கூட்டுக்குள் இறங்கிக் கொல்லப்பட்டார். அவரது சகோதரர் பழிவாங்கக் கைக்குண்டு எறிந்தார். பார்வையை இழந்தும் உயிர் பிழைத்த மர்ஜான், வெளிநாட்டு வைத்தியர்களும் உதவியும் காபூலுக்கு வந்து சேர்ந்த வேளையில், 2002 சனவரியில் இறந்தது.

இவற்றோடு ஒப்பிடும்போதுதான் பக்தாத்தின் சிறப்பு விளங்குகிறது. உள்ளூர் ஊழியர் நின்றனர். வெளியிலிருந்து வந்தவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். லோரன்ஸ் அன்ரனி 2007 இல் 'பபிலோன்ஸ் ஆர்க்' என்ற நூலில் இந்த அனுபவத்தை எழுதினார். உலகப் புகழ் பெற்றார். 2012 மார்ச்சில் காலமானார். அந்த நூலில் ஈராக்கிய ஊழியர்களின் பங்கு பதிவாகியிருக்கிறது. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு பெயரை மட்டுமே. வெளிநாட்டுத் தொண்டரின் படம் செய்தியாகும். வாளியோடு தினமும் வருபவரின் பெயர் செய்தியாகாது. இரண்டு பந்திகளாகச் சுருக்கியபோது நான் வெட்டியெறிந்ததும் அந்த ஈராக்கியர்களின் பெயர்களைத்தான். பத்திரிகைத் தொழிலின் இந்தப் பழக்கத்துக்கு நானும் உடந்தை.

நினிவேயிலிருந்து ஒரு கூடு

லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அசீரியப் புடைப்புச் சிற்பங்கள் ஒரு மண்டபம் நிறைய உள்ளன. நினிவே அரண்மனையின் சுவர்களை அலங்கரித்த அவை, அசுர்பனிபால் மன்னனின் சிங்க வேட்டையைச் சித்திரிக்கின்றன. கி.மு. 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அம்பு தைத்த சிங்கங்களின் வேதனையைக் கல்லிலே காட்டிய அந்தச் சிற்பியின் திறன் மெய்சிலிர்க்க வைக்கும்.

நான் அங்கு நின்றபோது வியப்பளித்தது ஒரு மூலையில் இருந்த சிறு காட்சி. மரக்கூடு ஒன்று. அதன் மேல் ஒரு சிறுவன் அமர்ந்து கதவை மேலே தூக்குகிறான். உள்ளிருந்து சிங்கம் வெளியே வருகிறது. சுற்றிலும் கேடயம் தாங்கிய காவலர் வரிசை. அப்பால் மன்னன் வில்லோடு. அரசனின் வீர வேட்டை என்பது உண்மையில், பிடித்து அடைத்து வைத்திருந்த சிங்கத்தைத் திறந்துவிட்டு, தப்பியோட வழியில்லாத களத்தில் கொல்வதுதான். அந்தச் சிங்க இனம் ஈராக் மண்ணிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அற்றுப்போயிற்று. பக்தாத் கூடுகளில் இருந்தவை வளர்ப்புச் சிங்கங்களே.

ஏறத்தாழ 2,650 ஆண்டுகள் கழிந்தும் அந்த மரக்கூட்டுக் கதவு இன்னும் மூடப்படவில்லை. அன்று அதைத் தூக்கியவன் அரண்மனைப் பணியாள். நமது காலத்தில் அதைத் தூக்குவோருள் தாம் அறியாமலே எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பால்புட்டியின் மறுமுனை

தென்னாபிரிக்காவில் காட்டுச் சிங்கங்களைவிடப் பண்ணைச் சிங்கங்கள் பல மடங்கு அதிகமாகப் பெருகின. அவற்றின் தொகை 8,000 முதல் 12,000 வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டது. அந்தத் தொழில் நடந்த முறையை 2015 இல் வெளியான 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் உலகுக்கு விரிவாகக் காட்டியது.

குட்டி ஈன்ற சில நாட்களில் தாயிடமிருந்து அது பிரிக்கப்படும். காட்டில் ஒரு பெண்சிங்கம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனும். குட்டியைப் பிரித்துவிட்டால் அது விரைவிலேயே மீண்டும் கருத்தரிக்கும். பிரித்த குட்டிக்குப் பால் ஊட்ட ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பதற்குப் பதிலாக, கட்டணம் செலுத்திக்கொண்டு வரும் வெளிநாட்டு இளைஞர்கள் அந்த வேலையைச் செய்தனர். தாய் கைவிட்ட அநாதைக் குட்டி என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. குட்டி சற்று வளர்ந்ததும் சுற்றுலாப் பயணிகள் தடவிப் படமெடுக்க விடப்பட்டது. மேலும் வளர்ந்ததும் அவர்களோடு 'உலாவ' விடப்பட்டது. முழுவளர்ச்சியடைந்த பின்னர், வேலியிட்ட நிலத்துக்குள் பணம் படைத்த வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு முன்னால் விடப்பட்டது. கூடு, சூழ்ந்த வேலி, தப்ப வழியில்லாத களம்: நினிவேயின் காட்சியில் எதுவும் மாறவில்லை.

அதன் பின்னரும் வருமானம் நின்றுவிடுவதில்லை. புலி எலும்புக்குப் பதிலாகச் சிங்க எலும்பு கிழக்கு, தென்கிழக்கு ஆசியச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாயிற்று. 2017 இல் 800 எலும்புக்கூடுகளுக்கும் 2018 இல் 1,500 எலும்புக்கூடுகளுக்கும் தென்னாபிரிக்க அரசே அனுமதி வரையறுத்தது. அந்த ஒதுக்கீடுகள் சட்டத்துக்கு முரணானவை என 2019 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 மே மாதம், அரசு நியமித்த உயர்மட்டக் குழு பண்ணைச் சிங்க வளர்ப்பையும், குட்டிகளைப் பயணிகள் தடவும் வழக்கத்தையும், அடைத்து வைத்து வேட்டையாடுவதையும் முடிவுக்குக் கொண்டுவரப் பரிந்துரைத்தது.

எல்லாப் பண்ணையும் இப்படியென்று நான் கூறவில்லை. உண்மையான சரணாலயங்களும் அந்நாட்டில் உள்ளன. ஆனால் மனிதர் மடியில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த சிங்கம் காட்டுக்குத் திரும்பி வாழ்வது அரிது என்பதே வல்லுநர் கருத்து. எனவே, 'குட்டியைக் காப்பாற்றிக் காட்டுக்கு அனுப்புகிறோம்' என்ற விளம்பரத்தைக் கண்டால் ஐயுற வேண்டும்.

இது ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய கதையுமன்று. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பௌத்த விகாரையொன்று 'புலிக் கோயில்' என்று பெயர்பெற்றிருந்தது. உலகெங்குமிருந்து பயணிகளும் தொண்டர்களும் அங்கு திரண்டனர். 2016 இல் அதிகாரிகள் உள்ளே நுழைந்து 137 புலிகளை அகற்றினர். குளிர்ப்பெட்டிக்குள் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்கப்பட்ட புலிகளிலும் பாதிக்கு மேற்பட்டவை 2019 அளவில் இறந்துவிட்டிருந்தன. புலியைத் தடவிக் காருண்யம் பழகியதாக நம்பியோர் அனைவரும் அந்தக் குளிர்ப்பெட்டிக்கும் சேர்த்தே காணிக்கை செலுத்தியிருந்தனர்.

தொடாத தொண்டு

விலங்குக்கு உதவுவது எப்படி என்று அறிய நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. எமது தீவிலேயே உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995 இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. கிணற்றில் வீழ்ந்தும், கண்ணியில் அகப்பட்டும், துப்பாக்கிச் சூட்டில் தாயை இழந்தும் தனித்துப்போன குட்டிகள் அங்கு கொண்டுவரப்படுகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாலூட்டப்படுகின்றன. பால் கொடுக்கும் ஊழியரைத் தவிர வேறெவரும் அவற்றைத் தொட அனுமதியில்லை. பார்வையாளர் தூரத்தில் மேடையில் நின்று பார்க்கலாம். அவ்வளவுதான். ஏறத்தாழ ஐந்து வயதானதும் குட்டிகள் கூட்டமாகக் காட்டுக்குள் விடப்படுகின்றன. இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை காடு திரும்பியிருக்கின்றன. அவற்றுட் சில காட்டிலேயே குட்டி ஈன்றும் இருக்கின்றன.

அங்கு போய்வந்த சிலர், 'தொடவும் விடுகிறார்கள் இல்லை' என்று குறைப்பட்டுக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் குறைதான் அந்த நிலையத்தின் பெருமை. மனிதனின் கைக்குப் பழகாத யானையே காட்டில் வாழும். அங்கு செய்யப்படும் பெருந்தொண்டு, தொடாமல் இருப்பதுதான்.

புலம்பெயர்ந்த எமது பிள்ளைகள் பலர் இன்று உலகம் சுற்றுகிறார்கள். விடுமுறையை வீணாக்காமல் நல்லதொன்று செய்ய விரும்புகிறார்கள். அந்த மனம் மதிக்கத்தக்கது. அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தக் குட்டியின் தாய் எங்கே? வளர்ந்த விலங்குகள் எங்கே? பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு பாலூட்டப்பட்டவை இப்போது என்ன ஆயின? நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார், அந்த ஊர்த் தொழிலாளி ஒருவரின் இடத்தையா நான் பிடித்திருக்கிறேன்? நேர்மையான நிலையம் இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும்.

இவற்றையெல்லாம் மருமகளிடம் ஒரே மூச்சில் நான் சொல்லிவிடவில்லை. அவள் முகம் வாடுவதைக் காண எனக்குத் துணிவிருக்கவில்லை. அவள் கேட்டது இதுதான்: "அப்பிடியெண்டால் அந்தக் குட்டி இப்ப எங்கை மாமா?" கனடா திரும்பியதும் அந்தப் பண்ணைக்கு அவள் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. மீண்டும் எழுதினாள். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தை அவள் பண்ணைக்கு எழுதவில்லை. அடுத்த விடுமுறையில் அங்கு போகவிருந்த தன் பல்கலைக்கழகத் தோழியருக்கு எழுதினாள். அவர்களுள் இருவர் பயணத்தைக் கைவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

பால்புட்டியோடு எடுத்த படத்தை அவள் அழிக்கவில்லை. கைத்தொலைபேசியில் இன்னும் வைத்திருக்கிறாள். அந்தக் குட்டியிடம் பட்ட கடனுக்கு அது சாட்சி என்கிறாள்.

2003 இல் நான் இரண்டு பந்திகளாகச் சுருக்கிய செய்திக்கு, இத்தனை ஆண்டுகள் பிந்தியேனும், அந்தப் பெயர்களை இங்கு சேர்த்துவிட்டேன். ஹுஷாம் ஹசனும் அடெல் சல்மான் மூசாவும், பெயர் தெரியாத அந்த வாளிக்காரர்களும் தமது விலங்குகளுடன் படமெடுப்பதற்காக அங்கு திரும்பி வரவில்லை. கூட்டுக்குள் இருப்பவற்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக வந்தார்கள். தொண்டு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருளை நான் இன்னும் அறியவில்லை.